ஆபீஸ் எக்ஸ்டென்ஷனை மொபைலுக்குக் கொண்டுவருவது: எந்த வழி யாருக்குச் சரி?

திருப்பூர், கோவை பக்கம் இருபது இருபத்தைந்து எக்ஸ்டென்ஷன், அதாவது உள் நம்பர், வைத்திருக்கிற எக்ஸ்போர்ட் ஆபீஸ்களில் திரும்பத் திரும்ப வருகிற தேவை இது. உள் நம்பர்களையும் வெளி லைன்களையும் இணைக்கிற ஐபி பிபிஎக்ஸ் பெட்டி ஆபீசில் இருக்கிறது, ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் டையிங் யூனிட்டில் நிற்கிறார், ஜெர்மனியில் இருக்கிற பையர் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடுகிறார். அங்கே மாலை ஐந்து மணி என்றால் கோடையில் இங்கே இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை, அந்த நேரத்தில் ரிசப்ஷனில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த அழைப்பு மெர்ச்சண்டைசரின் மொபைலில் அடிக்க வேண்டும், அவர் திருப்பிக் கூப்பிட்டால் பையருக்கு ஆபீஸ் நம்பர்தான் தெரிய வேண்டும், தேவைப்பட்டால் அக்கவுண்ட்ஸுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ண முடிய வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறார்கள். இதற்கு நாலைந்து வழி இருக்கிறது, எல்லாவற்றையும் விற்பதற்கும் ஆள் இருக்கிறது, ஆனால் எதை எடுத்தால் எதை இழக்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்கிற ஆள்தான் குறைவு.

நான் ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்வியை வைத்துத்தான் பார்ப்பேன். ஒன்று, ஸ்கிரீன் லாக் ஆகி பாக்கெட்டில் கிடக்கிற போன், ஒரு மணி நேரம் கழித்து அழைப்பு வந்தால் அடிக்குமா? இரண்டு, அந்த போன் பஸ்ஸில் தொலைந்துபோனால், அல்லது வெளியிலிருந்து ஒருவன் உள்ளே நுழைந்துவிட்டால், உங்கள் லைனில் அவனால் எவ்வளவு செலவு இழுத்துவிட முடியும்? பாதுகாப்பு என்று பேசும்போது எல்லாரும் இரண்டாவது கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில் சரியில்லை என்றால் ஒரே வாரத்தில் ஊழியர்கள் அந்த ஆப்பை எடுத்துவிட்டு வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவார்கள், பையரின் தொடர்பு முழுக்க தனிப்பட்ட நம்பருக்கு நகர்ந்துவிடும், நீங்கள் போட்ட பூட்டுக்கு வேலையே இருக்காது.

போர்ட் திறந்துவிடுவது

முதலில் இதை ஒதுக்கிவிடலாம், ஏனென்றால் பாதி இடங்களில் இதைத்தான் செய்து வைத்திருக்கிறார்கள். ரூட்டரில் 5060 என்ற எண்ணுள்ள வாசலை, அதாவது சிப் (SIP) என்கிற இணையவழி அழைப்பு முறை பயன்படுத்துகிற போர்ட்டை, பிபிஎக்ஸுக்கு ஃபார்வர்ட் பண்ணுவது, கூடவே குரல் போகிற ஆர்டிபி போர்ட்களை, ஆஸ்டெரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருள் என்றால் வழக்கமாக 10000 முதல் 20000 வரை, திறந்துவிடுவது. பத்து நிமிட வேலை. மொபைலில் ஏதாவது ஒரு சிப் ஆப் போட்டு, எக்ஸ்டென்ஷன் நம்பரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் ரெஜிஸ்டர் ஆகிவிடும், எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்படித் திறந்த ஒரு பிபிஎக்ஸின் லாகைப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. அதிக நேரம் ஆகாது, எங்கிருந்தோ வருகிற முயற்சிகள் வரிசையாக விழ ஆரம்பிக்கும்: 100, 101, 102, 1000, 1001 என்று எக்ஸ்டென்ஷன் நம்பர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள், நிறைய வரிகளில் அனுப்புகிறவரின் பெயராக ‘ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்’ என்றே இருக்கும், அது சிப்விஷியஸ் என்ற கருவி விட்டுச் செல்கிற அடையாளம். உங்கள் கம்பெனியைக் குறிவைத்து யாரும் வருவதில்லை. இணையம் முழுவதையும் இருபத்து நாலு மணி நேரமும் சலித்துக்கொண்டே இருக்கிறார்கள், எங்கே 5060 பதில் சொல்கிறதோ அங்கே பாஸ்வேர்டைத் தட்டுவார்கள். எக்ஸ்டென்ஷன் 105, பாஸ்வேர்டும் 105 என்று வைத்திருக்கிற ஆபீஸ்கள் இன்றைக்கும் இருக்கின்றன.

உள்ளே வந்தவனுக்கு உங்கள் பேச்சைக் கேட்பதில் பெரிய அக்கறை கிடையாது. அவனுக்கு உங்கள் ஐஎஸ்டி லைன் வேண்டும். அதிகக் கட்டணம் வசூலிக்கிற வெளிநாட்டு நம்பர்களைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நம்பர்களுக்கு வருகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பங்கு வாங்குகிற கூட்டம் இது. சனிக்கிழமை இரவு ஆபீஸ் மூடிய பிறகு, ஒரே நேரத்தில் பேசக்கூடிய சேனல் எத்தனை இருக்கிறதோ அத்தனையிலும் ஒரே நேரத்தில் அழைப்பு போகும். நிமிடத்துக்கு 50 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பத்து சேனலில் எட்டு மணி நேரம் ஓடினால் 2,40,000 ரூபாய், திங்கட்கிழமை காலையில்தான் தெரியும். லைன் கொடுத்த நிறுவனம் தன் பங்கை வெளிநாட்டுக்குக் கட்டியாக வேண்டியிருப்பதால், ‘நாங்கள் பேசவில்லை’ என்று நீங்கள் சொல்வது பில்லைக் குறைக்காது.

ஃபெயில்டூபேன் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். நாலைந்து தடவை தப்பான பாஸ்வேர்ட் வந்தால் அந்த ஐபியைத் தடுத்துவிடும், நல்ல கருவிதான், இருக்கட்டும். ஆனால் பல ஐபிகளிலிருந்து மெதுவாகத் தட்டுகிறவனை அது பிடிக்காது. அதைவிடப் பெரிய தொல்லை, நம் ஊர் மொபைல் டேட்டாவில் பழைய முகவரி முறையான ஐபிவி4 வழியாக வரும்போது ஒரே பொது ஐபிக்குப் பின்னால் ஏகப்பட்ட வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். அதனால் நம் ஆளின் ஐபியை மட்டும் அனுமதிப்பது என்பது நடக்காது, அதே ஐபியைத் தடுத்தால் நம் ஆளும் சேர்ந்து வெளியே போய்விடுவார். போர்ட் நம்பரை 5060-இலிருந்து வேறொன்றுக்கு மாற்றுவது சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அழைப்புத் தகவலை மறையாக்க டிஎல்எஸ் போட்டு 5061-இல் ஓட்டி, குரலை மறையாக்க எஸ்ஆர்டிபி போட்டால் நடுவில் ஒட்டுக்கேட்பது நிற்கும், பாஸ்வேர்டைத் தட்டிப் பார்ப்பது நிற்காது. வேறு வழியே இல்லாத இடத்தில் டிஎல்எஸ், நீளமான பாஸ்வேர்ட், ஃபெயில்டூபேன் மூன்றும் சேர்ந்திருந்தால் சமாளிக்கலாம். நானாக இதைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, சிப் போர்ட்டோடு சேர்த்து பிபிஎக்ஸின் நிர்வாகப் பக்கத்தையும் வெளியே திறந்து வைப்பது. இது அதைவிட மோசம். ஆஸ்டெரிஸ்கை நிர்வகிக்கிற ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருளில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போகக்கூடிய ஓட்டை 2019-இல் வெளிவந்தது, அதைப் பயன்படுத்தி உலகம் முழுக்கப் பல நூறு நிறுவனங்களின் பிபிஎக்ஸுக்குள் ஒரு கூட்டம் நுழைந்ததை 2020 நவம்பரில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2025 ஆகஸ்டில் அதே ஃப்ரீபிபிஎக்ஸின் எண்ட்பாயிண்ட் மேனேஜர் பகுதியில் இன்னொரு ஓட்டை, திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குதல் ஆரம்பித்துவிட்டது, அடிபட்டவை நிர்வாகப் பக்கம் இணையத்துக்குத் திறந்திருந்த பெட்டிகள். எந்த பிராண்ட் வைத்திருந்தாலும் சரி, நிர்வாகப் பக்கம் வெளியே தெரியக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

பழைய கால் ஃபார்வர்ட், நினைப்பதைவிட நல்லது

ஆப் வேண்டாம், இணையம் வேண்டாம். 105-க்கு வருகிற அழைப்பை பிபிஎக்ஸே வெளி லைன் எடுத்து மெர்ச்சண்டைசரின் மொபைல் நம்பருக்குக் கூப்பிட்டு இணைத்துவிடும். ஆபீஸ் பெட்டியில் ஒரு போர்ட்கூடத் திறக்க வேண்டியதில்லை, பாக்கெட்டில் இருக்கிற போன் எப்போதும்போல அடிக்கும், சிக்னல் ஒரு கோடு இருக்கிற டையிங் யூனிட்டிலும் அடிக்கும். என் இரண்டு கேள்விக்கும் இது நன்றாகவே பதில் சொல்கிறது, ஆனாலும் இதை யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள், விற்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

குறைகளும் நிஜமானவை. ஒரு அழைப்புக்கு இரண்டு சேனல் போய்விடும், உள்ளே வந்தது ஒன்று, வெளியே போனது ஒன்று. முப்பது சேனல் பிஆர்ஐ டிஜிட்டல் லைன் இருந்தால் தெரியாது, இணையவழி வெளி லைனான சிப் டிரங்க் நாலு சேனல் என்றால் இரண்டு பேர் பேசினாலே லைன் அடைத்துவிடும். பெரும்பாலான டிரங்குகளில் மொபைலில் தெரிகிற நம்பர் ஆபீஸ் நம்பர்தான், கூப்பிடுகிற பையரின் நம்பர் தெரியாது. மொபைல் ஆஃப் ஆகியிருந்தால் ‘நீங்கள் அழைக்கும் எண் தற்போது’ என்று ஆரம்பிக்கிற அறிவிப்பு பையரின் காதில் விழக்கூடும். இதற்கு ஃபாலோ மீ அமைப்பில் ‘எடுத்தவர் 1 அழுத்தினால்தான் இணை’ என்ற வசதி நிறைய பெட்டிகளில் இருக்கிறது, அதைக் கட்டாயம் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, திருப்பிக் கூப்பிடும்போது தனிப்பட்ட நம்பர்தான் போகும்.

அழைப்பு வந்தால் எடுத்தால் போதும், கூப்பிடுவதும் டிரான்ஸ்ஃபரும் அரிது என்கிற ஆட்களுக்கு, முதலாளி, வாட்ச்மேன், பராமரிப்பு ஆள் மாதிரி, இதையே வைத்துவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே வழி என்ற கட்டாயம் கிடையாது.

விபிஎன்

பிபிஎக்ஸை வெளியே காட்டாமல், மொபைலை ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் கொண்டுவந்துவிடுவது. தொழில்நுட்பம் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், சொல்வதில் தப்பில்லை. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலோடு சேர்ந்து வந்த வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் இதற்கென்றே பொருந்துகிறது. ஒரே ஒரு யுடிபி போர்ட் திறந்தால் போதும், வழக்கமாக 51820. சரியான சாவி இல்லாமல் வருகிற பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது, ஸ்கேன் பண்ணுகிறவனுக்கு அங்கே ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. ஆபீஸ் வைஃபையிலிருந்து வெளியே வந்து 4ஜிக்கு மாறினாலும் டன்னல், அதாவது போனுக்கும் ஆபீசுக்கும் நடுவே இருக்கிற பூட்டிய பாதை, அறுந்து மறுபடி லாகின் கேட்காது, ஐபி மாறியதைத் தானாகப் புரிந்துகொண்டு தொடரும். ஓபன்விபிஎன்னும் வேலை செய்யும், ஆனால் இந்த மாறுகிற நேரத்தில் அது தடுமாறுவதைப் பேச்சில் உணரலாம். ஆபீசில் மைக்ரோடிக் ரூட்டர் இருந்தால் ரூட்டர்ஓஎஸ் 7-இல் வயர்கார்டு ஏற்கெனவே இருக்கிறது, தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். ராஸ்பெர்ரி பையிலும் ஓடும்.

போன் தொலைந்தால் அந்த ஒரு போனின் சாவியை மட்டும் சர்வரில் நீக்கினால் முடிந்தது, மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்கு ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி கொடுத்திருக்க வேண்டும், ஒரே கான்ஃபிக் ஃபைலை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பி வைத்திருந்தால் இந்த நன்மை போய்விடும். அப்புறம் டன்னலில் பிபிஎக்ஸின் ஐபி மட்டும் போகிற மாதிரி வையுங்கள். மொபைலின் மொத்த டிராஃபிக்கும் ஆபீஸ் வழியாகப் போக வேண்டியதில்லை, டன்னலில் வருகிறவருக்கு டேலி கணக்கு இருக்கிற சர்வரும் தெரிய வேண்டியதில்லை. சர்வர் பக்கத்திலும் ஃபயர்வாலில் இதைக் கட்டுப்படுத்துங்கள், போனில் இருக்கிற கான்ஃபிக்கை மட்டும் நம்பாதீர்கள்.

சரி, அடுத்தது சிக்கல்கள். முதல் சிக்கல் உங்கள் பிராட்பேண்ட். ரூட்டரின் வேன் ஐபி, அதாவது வெளிப்பக்க முகவரி, 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால், அதாவது பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்கிற அமைப்புக்குள், இருக்கிறீர்கள், வெளியிலிருந்து யாரும் உங்கள் ரூட்டரைத் தொட முடியாது, போர்ட் ஃபார்வர்ட் பண்ணியும் பயனில்லை. ஸ்டேடிக் ஐபிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அல்லது மும்பையிலோ பெங்களூரிலோ விபிஎஸ் என்கிற ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து ஆபீஸும் மொபைல்களும் அங்கே வந்து சந்திக்கிற மாதிரி அமைக்கலாம், அல்லது வயர்கார்டின் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் மாதிரியான ஒன்று. டெயில்ஸ்கேல் சிஜிநாட்டைப் பெரும்பாலும் தாண்டிவிடும். தாண்ட முடியாதபோது அதன் ரிலே சர்வர் வழியாகப் போகும், அந்த ரிலே தூரத்து நாட்டில் விழுந்தால் பேச்சில் தாமதம் தெரியும்.

இரண்டாவது சிக்கல்தான் நிஜமான சிக்கல், போன் அடிப்பது. ஐபோனில் ஒரு ஆப் பின்னணிக்குப் போனதும் கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும். விபிஎன் உயிரோடு இருந்தாலும் சிப் ஆப் தூங்குகிறது, பிபிஎக்ஸ் அனுப்புகிற அழைப்பைப் பார்க்க ஆள் இல்லை. ஆப்பிளின் சர்வர் அனுப்புகிற அறிவிப்பான புஷ் வழியாக ஆப்பை எழுப்பினால்தான் அடிக்கும், 2019-இல் ஐஓஎஸ் 13 வந்தபோது அந்தப் புஷ் விதிகளை இன்னும் இறுக்கினார்கள். ஆண்ட்ராய்டிலும் 6.0 முதல் டோஸ் என்ற உறக்கநிலை இருக்கிறது. அதற்கு மேல் நம் ஊரில் அதிகம் ஓடுகிற ஷியோமி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் கம்பெனி போட்ட பேட்டரி சேமிப்பு தனியாக இருக்கிறது, அது சிப் ஆப்பையும் விபிஎன் ஆப்பையும் சேர்த்தே மூடிவிடும். இரண்டு ஆப்புக்கும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஆட்டோ ஸ்டார்ட் அனுமதி கொடுத்து, ரீசண்ட் லிஸ்டில் பூட்டி, விபிஎன்னை ‘எப்போதும் ஆன்’ என்று போட்டு, வயர்கார்டில் இணைப்பை உயிரோடு வைக்கிற கீப்அலைவை 25 வினாடி வைத்தால் ஆண்ட்ராய்டில் அடிக்கும். நன்றாகவே அடிக்கும். ஆனால் இதை ஒவ்வொரு போனிலும் உட்கார்ந்து செய்ய வேண்டும், சாஃப்ட்வேர் அப்டேட் வந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

‘புஷ் இருக்கிற சிப் ஆப்பை வாங்கி விபிஎன் வழியாக ஓட்டலாமே’ என்று தோன்றும். இங்கேதான் நிறைய பேர் காசு கொடுத்து வாங்கிவிட்டு முழிக்கிறார்கள். கிரவுண்ட்வயர் மாதிரியான ஆப்களில் புஷ் எப்படி வேலை செய்கிறது என்றால், உங்கள் ஆப் தூங்கும்போது அந்த நிறுவனத்தின் சர்வர் உங்களுக்குப் பதிலாக உங்கள் பிபிஎக்ஸில் ரெஜிஸ்டர் ஆகி உட்கார்ந்திருக்கும், அழைப்பு வந்ததும் ஆப்பிள், கூகுள் வழியாக உங்கள் போனை எழுப்பும். அந்த சர்வர் உங்கள் விபிஎன்னுக்குள் இல்லை. அதனால் பிபிஎக்ஸை மறுபடி வெளியே திறந்தால்தான் புஷ் வேலை செய்யும், கூடவே உங்கள் எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டு அவர்கள் கையில் இருக்கும். திறப்பதென்றால் அவர்களின் சர்வர் ஐபிகளுக்கு மட்டும் திறங்கள். பிபிஎக்ஸே வெளியே புஷ் அனுப்புகிற வகை என்றால் இந்தச் சிக்கல் இல்லை, விபிஎன்னோடு சேர்ந்தே ஓடும், ஆனால் வெறும் ஆஸ்டெரிஸ்குக்கு அப்படி அனுப்பத் தெரியாது.

சட்டம் பற்றி ஒரு பயம் அடிக்கடி வருகிறது, அதையும் தீர்த்துவிடலாம். 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விபிஎன் நிறுவனங்களுக்குச் சொன்னது. ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்கு மட்டும் வைத்திருக்கிற விபிஎன்னுக்கு அந்த விதி பொருந்தாது என்று அவர்களே கேள்வி பதிலில் தெளிவாக்கினார்கள். ஆனால் அதே உத்தரவின்படி சர்வருக்குள் யாராவது அத்துமீறி நுழைந்தது தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், அது உங்களுக்கும் உண்டு.

தயாரிப்பாளரின் ஆப்பும் அவர்களின் ரிலேயும்

கிராண்ட்ஸ்ட்ரீம் யுசிஎம் என்றால் ரிமோட்கனெக்டும் வேவ் ஆப்பும், யீஸ்டார் என்றால் லிங்கஸ், 3சிஎக்ஸ் என்றால் அவர்களின் ஆப், வடோதராவின் மேட்ரிக்ஸ் என்றால் வர்தா. பேர்தான் வேறு. இதில் கிளவுட் ரிலே கொடுக்கிற வகைகளில் பிபிஎக்ஸ் தானே வெளியே போய் தயாரிப்பாளரின் சர்வரோடு ஒரு டன்னல் போட்டுக்கொள்ளும், மொபைல் ஆப்பும் அங்கே போய்ச் சேரும், இரண்டும் நடுவில் சந்திக்கும். உங்கள் ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம், சிஜிநாட் இருந்தாலும் கவலையில்லை, ஸ்டேடிக் ஐபிக்குப் பணம் வேண்டாம். ஆப்பை நிறுவி ஒரு க்யூஆர் கோடைக் காட்டினால் எக்ஸ்டென்ஷன் வந்துவிடும், பாஸ்வேர்டை ஊழியர் பார்க்கவே தேவையில்லை. புஷ் உள்ளேயே இருக்கிறது, அதனால் ஐபோனிலும் லாக் ஸ்கிரீனில் சாதாரண அழைப்பு மாதிரியே அடிக்கும். என் முதல் கேள்விக்கு, ஆப் வழிகளில் இதுதான் முழுப் பதில்.

விலை இரண்டு வகையில். பணமாக, பெரும்பாலும் வருடச் சந்தா. பெட்டி வாங்கும்போது அதைச் சொல்லாமல் விற்பார்கள், ஒரு வருடம் இலவசம் என்று ஆரம்பித்து அடுத்த வருடம் பில் வரும். பெட்டியின் விலையோடு மூன்று வருடச் சந்தாவைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். நம்பிக்கையாக, உங்கள் அழைப்பு ஒரு மூன்றாவது ஆளின் சர்வர் வழியாகப் போகிறது, அவர்களுக்கு ஒன்று நடந்தால் உங்களுக்கும் நடக்கும். 2023 மார்ச்சில் 3சிஎக்ஸின் டெஸ்க்டாப் ஆப்பிலேயே தாக்குகிறவர்களின் கோட் கலந்து, கம்பெனியின் முறையான கையெழுத்தோடு அப்டேட்டாக வாடிக்கையாளர்களின் கணினிக்குப் போய்ச் சேர்ந்தது. வட கொரியாவோடு தொடர்புடைய கூட்டம் என்று விசாரித்த மேண்டியண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. அதற்காக இந்த வழியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரிலே வாங்கினால் நிர்வாகக் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு போடுங்கள், ரிலே வழியாக நிர்வாகப் பக்கத்தையும் திறக்கிற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், ஆப்பை மட்டும் விடுங்கள், டெஸ்க்டாப் வடிவம் தேவைப்படாத ஆளுக்கு அதைப் போடாதீர்கள்.

பழைய அனலாக் வகை பிபிஎக்ஸான இபிஏபிஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் சிறிய ஐபி பிபிஎக்ஸ் ஒன்றை முன்னால் வைத்து இந்த வழிக்கு வர முடியும். ஆனால் அந்தச் செலவுக்குப் புதுப்பெட்டிக்கே மாறுவது மேல்.

சொந்த எஸ்பிசி, முழு கிளவுட்

எஸ்பிசி என்பது பிபிஎக்ஸுக்கு முன்னால் நின்று வெளியிலிருந்து வருகிற அழைப்புகளை வடிகட்டுகிற காவல் சர்வர். விபிஎஸ்ஸில் சிப் சர்வராகக் கமாலியோ, பக்கத்தில் குரலுக்கு ஆர்டிபி எஞ்சின், புஷ்ஷுக்கு லின்ஃபோனின் ஃப்ளெக்ஸிசிப் என்று நீங்களே கட்டலாம், எதுவும் மூன்றாம் ஆள் கையில் இருக்காது, சந்தாவும் இல்லை. அழகான அமைப்பு. இருநூறு எக்ஸ்டென்ஷனும் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளும் இருந்தால் செய்யுங்கள். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் அடுத்தவர் அதைத் தொடப் பயப்படுவார், இருபத்தைந்து எக்ஸ்டென்ஷன் ஆபீசுக்கு அது பெரிய சுமை. சிஸ்கோ கால் மேனேஜர் வைத்திருக்கிற பெரிய கம்பெனிகளில் எக்ஸ்பிரஸ்வே இந்த வேலையைத்தான் செய்கிறது, விபிஎன் இல்லாமலேயே ஜாபர், வெபெக்ஸ் ஆப்களும் உள்ளே வரும், அதெல்லாம் இந்த அளவு ஆபீசுக்கு இல்லை.

எக்ஸோடெல் மாதிரியான கிளவுட் டெலிபோனிக்கு முழுசாகப் போய்விடுவது இன்னொன்று. வாடிக்கையாளர் ஒரு பொது நம்பருக்குக் கூப்பிடுவார், அவர்கள் ஊழியரின் மொபைலுக்குச் சாதாரண அழைப்பாக இணைப்பார்கள், ரெக்கார்டிங் இருக்கும். சேல்ஸ், சர்வீஸ் டீம்களுக்கு நல்லது. எக்ஸ்போர்ட் ஆபீசில் கட்டிங்குக்கும் ஸ்டோருக்கும் இன்டர்காம் அடிக்கிற பழக்கம்தான் அதிகம், அந்த டெஸ்க் போன்களை அப்படியே விட்டுவிட்டு இதற்குப் போக முடியாது.

என்னுடைய தேர்வு

திருப்பூர் மாதிரி ஆபீஸ், ஐபோனும் ஆண்ட்ராய்டும் கலந்து பத்துப் பேர், வெளிநாட்டிலிருந்து அழைப்பு வருவதுதான் முக்கியம் என்றால், பெட்டி தயாரித்தவரின் ரிலேயை எடுங்கள். சுத்தமான பாதுகாப்பு என்று பார்த்தால் வயர்கார்டு ஒரு படி மேல், தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் அடிக்காத போனால் பத்தாவது நாள் எல்லாரும் தனிப்பட்ட நம்பருக்குப் போய்விடுவார்கள், அப்புறம் எவ்வளவு நல்ல டன்னல் போட்டாலும் அதில் பேச ஆள் இருக்காது. நாலைந்து பேர், எல்லாரும் ஆண்ட்ராய்டு, பெரும்பாலும் வெளியே கூப்பிடுவதுதான் வேலை, உள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் ஆள் இருக்கிறார் என்றால் வயர்கார்டு, சந்தாவை மிச்சம் பிடியுங்கள். முதலாளிக்குக் கால் ஃபார்வர்ட். ஆபீஸ் ஐடி ஆளுக்கு, பிபிஎக்ஸ் நிர்வாகப் பக்கத்தைத் தொட, எந்த வழியை எடுத்தாலும் வயர்கார்டு ஒன்று தனியாக இருக்கட்டும்.

துபாய்க்கு அடிக்கடிப் போகிற ஆள் இருந்தால் தனியாக யோசியுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெறாத இணையவழிப் பேச்சுக்குத் தடை இருக்கிறது, ஆப் அங்கே போனதும் ஊமையாகிவிடக்கூடும், விபிஎன் போட்டு அதைத் தாண்டுவதும் அந்த ஊர்ச் சட்டத்தில் சிக்கலைக் கொண்டுவரும். அந்த வாரத்துக்குக் கால் ஃபார்வர்ட், ரோமிங் கட்டணத்தைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளட்டும்.

டிரங்க் கொடுத்த நிறுவனத்திடம் ‘எங்கள் எக்ஸ்டென்ஷன்களை ஊழியரின் மொபைல் ஆப்பில் பயன்படுத்தப்போகிறோம்’ என்று ஒரு மெயில் போட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தையும் பொதுத் தொலைபேசி வலையையும் இணைப்பதில் இந்தியாவில் விதிகள் உண்டு. கால் சென்டர்களுக்கான ஓஎஸ்பி விதிகளை 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் நிறையத் தளர்த்தினார்கள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பது சுலபமானது, ஆனாலும் உங்கள் லைனுக்கான ஒப்பந்தம் உங்களுடையது, எழுத்தில் இருப்பது நல்லது.

எதை எடுத்தாலும், மொபைலில் முதல் எக்ஸ்டென்ஷனைப் போடுவதற்கு முன்னால் பிபிஎக்ஸின் உள்ளே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. மேலே சொன்ன 2,40,000 ரூபாய்க் கணக்கைத் தடுப்பது டன்னல் இல்லை, இதுதான். ஐஎஸ்டியை முழுசாக மூட எக்ஸ்போர்ட் ஆபீசில் முடியாது, அதனால் நீங்கள் பேசுகிற நாடுகளை மட்டும் திறங்கள்: 49 ஜெர்மனி, 44 பிரிட்டன், 31 நெதர்லாந்து, உங்கள் பட்டியல் எதுவோ அது, மற்ற எல்லா 00-வும் மூடியிருக்கட்டும். இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை வெளிநாட்டு அழைப்பே போகாத மாதிரி நேரக் கட்டுப்பாடு வையுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு அழைப்புக்கு மேல் கூடாது. டிரங்க் நிறுவனத்திடம் ஒரு நாளைக்கு இவ்வளவு ரூபாய்தான் என்று உச்சவரம்பு போட முடியுமா என்று கேளுங்கள், பிரீபெய்ட் டிரங்க் கிடைத்தால் இன்னும் நல்லது. டெஸ்க் போனுக்கும் மொபைலுக்கும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், 105-க்கு மொபைல் பக்கம் தனி அக்கவுண்ட் இருந்தால், போன் தொலைந்த அன்றைக்கு அதை மட்டும் நீக்கிவிட்டு டெஸ்க் போனை அப்படியே விட்டுவிடலாம். ஆப்பைத் திறக்க விரல்ரேகை கேட்கிற வசதி இருந்தால் போடுங்கள். ரூட்டரில் சிப் பாக்கெட்டுகளை நடுவில் திருத்துகிற சிப் ஏஎல்ஜி என்று ஒன்று ஆனில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கிற புகார்களில் நிறைய அதனால்தான் வருகிறது.

காசு கொடுப்பதற்கு முன்னால் விற்கிறவரை உங்கள் ஆபீசிலேயே ஒரு சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஆட்கள் வைத்திருக்கிற போன்களிலேயே, ஒரு ஐபோன், ஒரு விவோ அல்லது ரெட்மி, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், ஸ்கிரீனை லாக் பண்ணி மேசைமேல் வைத்துவிட்டு டீ சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வெளி நம்பரிலிருந்து ஆபீஸுக்குக் கூப்பிடுங்கள். இரண்டு போனும் மூன்றாவது ரிங்குக்குள் அடிக்க வேண்டும், எடுத்தவுடன் இரண்டு பக்கமும் குரல் கேட்க வேண்டும், பேசிக்கொண்டே ஒருவர் வாசலைத் தாண்டி ஆபீஸ் வைஃபைக்குள் நடந்து வந்தாலும் அழைப்பு அறுந்துபோகக் கூடாது. அப்புறம் அந்த விவோவைத் தொலைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதன் எக்ஸ்டென்ஷனை நீக்கிக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அதை உங்கள் ரிசப்ஷனில் இருப்பவரே செய்ய முடிகிற அளவுக்குச் சுலபமாக இருந்தால் வாங்கலாம்.